வளரும் எலும்பும் தவக்குலும்



எரியோட்டில் ஒரு பிள்ளைக்குக் கால் முறிந்தால், "கட்டுப் போடுங்கள்" என்பதே முதலில் வரும் ஆலோசனை. சென்ற ஆண்டு மதரஸாவிலிருந்து திரும்பிய எங்கள் ஒன்பது வயது மகன் மீது இருசக்கர வாகனம் மோதித் தொடையெலும்பு முறிந்தபோதும் அதையே கேட்டோம். "பச்சைப் பிள்ளையின் காலில் கத்தி வைப்பதா? தவக்குல் வையுங்கள்" என்றார் குடும்பத்துப் பெரியவர் ஒருவர். அன்பினால் சொன்னதுதான், ஆயினும் அந்தச் சொல் எங்களைக் கலங்கச் செய்தது. அறுவைச் சிகிச்சையை நாடுவது ஈமானின் குறைவா?

நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவனிடம் பொறுப்புச் சாட்டவும் கற்றுத் தந்தார்கள். அந்தத் தெளிவோடு 108 ஊர்தியில் திண்டுக்கல் சென்றோம்.

அங்கே மருத்துவர் பொறுமையாக விளக்கினார். குழந்தையின் எலும்பு, பெரியவர் எலும்பின் சிறு வடிவம் அன்று. அதன் இரு முனைகளையும் ஒட்டிக் குருத்தெலும்பாலான வளர்தட்டு உண்டு. கால் நீள்வது அங்கேதான். அது சிதைந்தால் கால் குட்டையாகலாம், கோணலாகலாம். ஆகவே பெரியவர்களுக்குரிய தடித்த கம்பியைச் சிறுவர்களுக்கு அப்படியே செலுத்துவதில்லை. ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பெரும்பாலும் இடுப்போடு சேர்த்த மாவுக்கட்டே போதும். எங்கள் மகனின் வயதில், வளையும் தன்மையுள்ள இரண்டு டைட்டானியம் கம்பிகளை முழங்காலுக்குச் சற்று மேலே, வளர்தட்டைத் தொடாமல், இருபுறமும் சிறு துளையிட்டு எலும்பின் உட்குழியில் செலுத்துகிறார்கள். அவை வில்போல் எதிரெதிராக வளைந்து நின்று முறிவைத் தாங்குகின்றன. பிரான்சின் நான்சி நகர மருத்துவர்கள் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய முறை இது.

வீங்கும் காலில் இறுகக் கட்டுவதன் ஆபத்தையும் அவர் எச்சரித்தார். இரத்த ஓட்டம் தடைப்பட்டால் தசை அழுகி, காலையே இழக்க நேரலாம். கட்டுப் போட்டபின் வலி கடுமையானாலோ, விரல்கள் மரத்துக் குளிர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, வரையறுத்த தொகைவரை கட்டணமின்றித் தரும் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. நம் சொந்தங்களில் பலர் இதை அறியாதிருக்கிறார்கள்.

சிகிச்சை முடியும்வரை வாசலில் தஸ்பீஹ் ஓதியவர் அதே பெரியவர்தாம். நிற்க இயலாத வாரங்களில் மகன் முதலில் படுத்தபடியும், பின்னர் அமர்ந்தும் தொழுதான். மார்க்கம் தந்த சலுகையின் கருணையை எங்கள் வீடு அந்நாட்களில் உணர்ந்தது.

எலும்பு கூடியது, எட்டாம் மாதத்தில் கம்பிகளும் அகற்றப்பட்டன. அல்ஹம்து லில்லாஹ். இவ்வயதில் முறிந்த கால் மற்றதைவிடச் சற்று நீண்டு வளரக்கூடும் என்பதால், இரு ஆண்டுகள்வரை அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். துஆவையும் விடவில்லை, பரிசோதனை நாளையும் தவறவிடவில்லை. நோயுற்ற நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.