தூண் ஓடிப்போகாது

அடிபட்ட காரைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனி எவ்வளவு தரலாம் என்று கணக்கிட்டுச் சொல்பவர் சர்வேயர். அதற்கான உரிமத்தை வாங்க, ஏற்கெனவே உரிமம் உள்ள ஒருவரிடம் ஓராண்டு பயிற்சி எடுக்க வேண்டும். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு கோவையில் ஒருவரிடம் சேர்ந்தேன். சார் அதிகம் பேசமாட்டார். ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்ததும் காரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிடுவார். அவர் எதைப் பார்க்கிறார் என்று பார்ப்பதுதான் என் பாடம்.

‘எவனோ இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டான்’ என்று வரும் கிளெய்ம்களில்தான் அந்தப் பாடம் அதிகம் கிடைத்தது. எதிர்வண்டி இல்லை, நம்பர் இல்லை, பெரும்பாலும் பார்த்தவரும் இல்லை. இருப்பது காரும், உரிமையாளர் எழுதிக் கொடுத்த நாலு வரியும்தான். அந்த வரிகளும் காரில் உள்ள அடியும் பொருந்துகின்றனவா என்பதே எங்கள் வேலை.

சார் எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தாலும் முதலில் சொல்வது, “நான் வர்ற வரைக்கும் வண்டியக் கழுவிடாதீங்க” என்பதுதான். காரணம் அருகில் பார்த்தபோது புரிந்தது. தரையிலிருந்து அடியின் உயரத்தை டேப் வைத்து அளப்பார். லாரியின் பம்பர் ஓர் உயரம், ஆட்டோவின் முன்பக்கம் ஓர் உயரம், பைக்கின் ஹேண்டில் முனை வேறோர் உயரம். பிறகு கீறலை விரல் நுனியால் வருடுவார். உரசியது எந்தத் திசையில் போனதோ அந்த முனையில் பெயிண்ட் சுருண்டு நிற்கும். நின்றிருந்த காரைப் பின்னாலிருந்து வந்த வண்டி உரசிச் சென்றது என்றால், கீறலும் பின்னிருந்து முன்னாக ஓட வேண்டும். சொட்டைக்குள் துரு ஏறியிருந்தால் அடி பழையது. வேற்று நிறப் பெயிண்ட் ஒட்டியிருந்தால் அதை போட்டோ எடுப்பார். தண்ணீர் பாய்ச்சிக் கழுவிவிட்டால் இதில் பாதி போய்விடும்.

பீளமேட்டுக்காரர் ஒருவரின் கார் வந்தது. “வீட்டு முன்னால நிறுத்தியிருந்தேனுங்க. காலைல பாத்தா இப்படி இருக்குதுங்க, எவனோ இடிச்சுட்டுப் போயிட்டானுங்க” என்றார். பின்பம்பரில் தொடங்கி டிக்கிக் கதவுவரை செங்குத்தாக ஒரே பள்ளம், அரைவட்டமாக அமுங்கியிருந்தது. சார் பள்ளத்தின் மடிப்பை நகத்தால் சுரண்டி, வந்த வெள்ளைத் துகளை என் உள்ளங்கையில் வைத்தார். சுண்ணாம்பும் சிமென்ட் பொடியும்.

“ஏனுங்க, தூண் ஓடிப்போகாதுங்களே?” என்றார்.

அவர் நெளிந்தார். “ரிவர்ஸ் எடுக்கறப்ப கேட்டுத் தூண்ல பட்டுருச்சுங்க. நம்ம தப்புன்னா பணம் வராதுன்னு சொன்னாங்க, அதான்...”

முழுப் பாலிசி எடுத்திருந்தால் சொந்தக் காரின் சேதத்துக்கு, தூணில் இடித்தாலும் பணம் உண்டு, யாரோ இடித்தாலும் உண்டு. இடித்தவர் யார் என்பதால் தொகை மாறுவதில்லை. ஆனால் பொய் சொன்னது தெரிந்தால் கிளெய்மே தள்ளுபடியாகும். “நடந்தத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் பாத்தத நானும் அப்படியே எழுதுவேன். முடிவு கம்பெனியோடது” என்றார் சார். ரிப்போர்ட் போகுமுன் உண்மையை எழுதிக் கொடுத்ததால் அந்தக் கிளெய்ம் பிழைத்தது.

நிஜமாகவே அடித்துவிட்டு ஓடிய வண்டிகளும் தடம் விடாமல் போவதில்லை. நீலாம்பூர் பைபாஸில் பின்னாலிருந்து இடிபட்ட ஒரு காரின் பம்பருக்குள் ஆரஞ்சு நிற இண்டிகேட்டர் துண்டு ஒன்று சிக்கியிருந்தது. அந்தக் காரில் அப்படி ஒரு விளக்கே கிடையாது. துண்டின் உள்பக்கம் தயாரித்த நிறுவனத்தின் குறி அச்சாகியிருந்தது. சார் அதை போட்டோ எடுத்து ரிப்போர்ட்டில் சேர்த்தார்; துண்டை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உரிமையாளரிடமே கொடுத்தார். காருக்கு மட்டும் சேதம் என்றால் பெரும்பாலும் காவல் நிலையத்தில் புகாருக்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீதே போதும். ஆளுக்குக் காயம் என்றால் எஃப்ஐஆர் வேண்டும்.

அடுத்தது கணக்கு. மூன்றரை வயதுக் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம், ஜிஎஸ்டியை விட்டுவிடுவோம். பிளாஸ்டிக் பம்பர் 6,000 ரூபாய். பிளாஸ்டிக்குக்குத் தேய்மானம் 50 சதவீதம், கிடைப்பது 3,000. டிக்கிக் கதவு 12,000. இந்த வயதில் தகடுக்குத் தேய்மானம் 25 சதவீதம், கிடைப்பது 9,000. பின்கண்ணாடி 5,000, கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. டிங்கரிங் கூலி 5,000 முழுசாக வரும். பெயிண்டிங் 8,000, அதில் கால்பங்கு பெயிண்ட் செலவு என்று வைத்து, அந்த 2,000-இல் பாதியைக் கழித்தால் 7,000. மொத்த பில் 36,000, தேறுவது 29,000. 1,500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 போனால் கையில் 28,000. பாலிசியில் ஜீரோ டெப் என்ற கூடுதல் பாதுகாப்பைச் சேர்த்திருந்தால் இந்தத் தேய்மானக் கழிவு இருக்காது. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால் சொந்தக் காருக்கு ஒரு ரூபாயும் வராது.

சின்னச் சேதத்தோடு வருபவர்களிடம் சார் நோ கிளெய்ம் போனஸையும் விசாரிப்பார். முதல் ஆண்டு 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும் தள்ளுபடி அது. ஒரு கிளெய்ம் போட்டால் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். 4,000 ரூபாய்ச் சேதத்துக்காக அதை இழப்பது பலருக்கு நஷ்டம்தான்.

ஆள் அடிபட்டால் வழி வேறு. இடித்த வண்டி தெரியாவிட்டாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-வது பிரிவின்படி இழப்பீடு உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். அதற்கு முன் 25,000-உம் 12,500-உம்தான். அடிபட்டவரிடம் பாலிசி இருக்க வேண்டும் என்பதில்லை; நடந்து போனவருக்கும் இது பொருந்தும். விண்ணப்பத்தை வருவாய்த் துறையில், தாசில்தார் அல்லது கோட்டாட்சியர் விசாரிப்பார். கலெக்டர் ஒப்புதல் தந்ததும் பணம் வங்கிக் கணக்குக்கு வரும்.

2022-இல் நாட்டில் வண்டி இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,000-க்கும் மேல். 2022-23 நிதியாண்டில் இத்திட்டத்தில் வந்த விண்ணப்பங்கள் வெறும் 205. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டியது. ஒரு மாதத்தில் வண்டி கண்டுபிடிக்கப்படாவிட்டால், பாதிக்கப்பட்டவர்களுக்குப் போலீஸே இத்திட்டத்தைப் பற்றி எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. இத்திட்டத்தைப் பற்றிச் சொல்வது சர்வேயர் வேலையில் சேராது. இருந்தும் சாரின் பையில் அந்த விண்ணப்பப் படிவத்தின் நகல்கள் எப்போதும் இருக்கும். கையில் கட்டோடு யாராவது வந்தால், காரைப் பார்க்குமுன் அதில் ஒன்றை நீட்டுவார்.

உங்கள் காரை யாராவது இடித்துவிட்டு ஓடினால், நகர்த்துமுன் போட்டோ எடுங்கள், கீழே கிடக்கும் உடைசல்களையும் சேர்த்து. பக்கத்துக் கடையில் கேமரா இருந்தால் அன்றே கேளுங்கள். பழைய பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும். கம்பெனிக்கும் ஸ்டேஷனுக்கும் உடனே சொல்லுங்கள். சர்வேயர் வரும்வரை கழுவாதீர்கள். குடித்துவிட்டோ லைசென்ஸ் இல்லாமலோ ஓட்டாதவரை, தப்பு உங்களுடையதாகவே இருந்தாலும் முழுப் பாலிசி பணம் தரும். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள்.