சூடு போகும் வழி

பழைய வண்டி நடுவழியில் நின்றுவிடுகிறது. பானெட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியென்றால் மெக்கானிக் உடனே சொல்வது "மாட்யூல் போச்சு" என்பதுதான். புதிது வாங்கிப் போடுவார்கள். சில மாதங்களில் அதுவும் போகும். அடுத்து வேறு பிராண்டு. அதுவும் நிலைக்காது. கடைசியில் "இந்த எலக்ட்ரானிக் சமாச்சாரமே வேண்டாம்" என்று பாயின்ட்டுக்கே திரும்பிவிடுவார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. அப்படித் தூக்கிப்போட்ட மாட்யூல்களைக் கையில் வாங்கி, அவை இருந்த இடத்தையும் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் குறை பிராண்டில் இருக்காது. அதை உட்கார வைத்த விதத்தில் இருக்கும்.

சார்லஸ் கெட்டரிங் காடிலாக் வண்டிகளுக்காக 1910 வாக்கில் கொண்டுவந்த முறையே அடுத்த அறுபது ஆண்டுகள் உலகம் முழுவதும் ஓடியது. காயிலின் பிரைமரிக்குப் போகும் மின்னோட்டத்தை ஒரு ஜோடி பாயின்ட் சேர்த்துச் சேர்த்துப் பிரிக்கும். பிரியும் நொடியில் பிளக்கில் பொறி விழும். பாயின்ட் தேய்வது கண்ணுக்குத் தெரியும். உப்புத்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்து ஓட்டிவிடலாம். மாட்யூலில் அந்த வேலையை விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு டிரான்சிஸ்டர் சில்லு செய்கிறது. அது தேய்வதில்லை, சூடாகிறது. அந்தச் சூடு வெளியே போக வழி இருந்தால் முப்பது வருடம் உழைக்கும். வழி இல்லையென்றால் ஒரு கோடைகூடத் தாங்காது.

எவ்வளவு சூடு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் 1975 முதல் தன் வண்டிகள் எல்லாவற்றிலும் போட்ட எச்.இ.ஐ. முறையின் நான்கு முனை மாட்யூலை எடுத்துக்கொள்வோம். அதனுடன் வரும் காயிலின் பிரைமரி அரை ஓம் அளவுதான். 14 வோல்ட்டை அப்படியே விட்டால் 28 ஆம்பியர் ஓடி எல்லாம் கருகிவிடும். அதனால் மாட்யூல் மின்னோட்டத்தைச் சுமார் 5.5 ஆம்பியரில் பிடித்து நிறுத்துகிறது. அப்போது காயில் எடுத்துக்கொள்வது 3 வோல்ட்டுக்கும் குறைவு. மீதி 11 வோல்ட்டும் மாட்யூலின் தலையில்தான். 11 வோல்ட், 5.5 ஆம்பியர்: அந்தக் கணத்தில் 60 வாட். ஒரு பழைய குண்டு பல்பின் சூடு முழுவதும் அந்தச் சில்லுக்குள். பொறிக்குச் சற்று முன்புதான் மின்னோட்டத்தைத் திறந்துவிடும் ஏற்பாடு மாட்யூலுக்குள்ளேயே இருப்பதால் அந்தக் கணம் குறுகியது. சராசரி அதைவிட மிகக் குறைவு. ஆனால் மெதுவான ஐடிலிங்கில் அந்தக் கணம் நீள்கிறது. நெடுஞ்சாலையில் 4000 சுற்றில் ஓடும் வண்டியைவிட, சிக்னலில் நிற்கும் வண்டியில்தான் மாட்யூலுக்குச் சிரமம். காற்றோட்டம் இல்லாமல் பானெட்டுக்கு அடியில் வெக்கை ஏறி நிற்பதும் அதே நேரத்தில்தான். சென்னையில் மே மாதம் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அதனால் மாட்யூலைத் தேர்ந்தெடுப்பது என்பது காயிலையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பது. இவ்விரண்டையும் தனித்தனியாக வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பாயின்ட் காலத்து 3 ஓம் காயிலை எச்.இ.ஐ. மாட்யூலோடு இணைத்தால் மின்னோட்டம் ஐந்து ஆம்பியரைத் தொடுவதற்குள் காயிலே தடுத்துவிடும். மாட்யூல் குளிர்ச்சியாகவே இருக்கும், ஏழெட்டு வாட்டுக்கு மேல் போகாது. வி8 எஞ்சின் 6000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 400 பொறி, ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மில்லிசெகண்ட் மட்டுமே. அந்த வேகத்தில் அந்தக் காயில் நிரம்பாது, பொறி மெலியும். ஆனால் வார இறுதியில் நிதானமாக ஓடும் பழைய ஆறு சிலிண்டர் வண்டிக்கு இதைவிட நல்ல ஜோடி இல்லை என்பது என் கருத்து. எதிர்ப்பக்கம் ஆபத்தானது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வசதி இல்லாத மாட்யூலுக்குக் குறைந்த ஓம் காயிலைக் கொடுத்தால் அன்றே போய்விடும். கிரைஸ்லர் முறையில் பாலஸ்ட் ரெசிஸ்டர் இருப்பது இதற்காகத்தான். "பவர் கூடும்" என்று அதைக் கழற்றி எறிபவர்களிடம் நான் வாதாடத் தயங்குவதில்லை. இன்னொன்று, பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த். வாங்கும் மாட்யூல் அதற்கு ஒத்துவருமா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

மாட்யூலைக் கையில் எடுத்ததும் நான் பார்ப்பது அடித்தகடு. கனமான உலோகமா, மெல்லிய தகடா? ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை அதன்மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தட்டையா வளைந்ததா என்பது தெரிந்துவிடும். வளைந்திருந்தால் பெட்டியில் எந்தப் பெயர் அச்சடித்திருந்தாலும் எனக்கு வேண்டாம்.

அடுத்தது கிரீஸ். மாட்யூலோடு வரும் சிறிய பாக்கெட்டைப் பலர் திறப்பதே இல்லை. வேறு சிலர் டைஎலக்ட்ரிக் கிரீஸா, கம்ப்யூட்டர்காரர்கள் போடும் தெர்மல் பேஸ்ட்டா என்று மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். இந்தச் சண்டையைக் கணக்கே தீர்த்துவிடும். அடித்தகட்டின் பரப்பு பத்துச் சதுர சென்டிமீட்டர், அதற்கும் அது உட்காரும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி, வெளியேற வேண்டிய சூடு 10 வாட் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடைவெளியில் வெறும் காற்று இருந்தால் மாட்யூல் கீழே உள்ள உலோகத்தைவிடக் கிட்டத்தட்ட 38 டிகிரி கூடுதலாகக் கொதிக்கும். சாதாரண சிலிக்கோன் கிரீஸ் இருந்தால் 5 டிகிரி. நல்ல தெர்மல் பேஸ்ட் என்றால் ஒன்றரை டிகிரிக்குள். ஆக இரண்டு கிரீஸ்களுக்கும் உள்ள வேறுபாடு ஐந்து டிகிரியைத் தாண்டாது. கிரீஸ் போட்டதற்கும் போடாததற்கும் முப்பதுக்கு மேல். எதையாவது போடுங்கள், காற்றை மட்டும் விடாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். இரண்டும் கையில் இருந்தால் தெர்மல் பேஸ்ட், அதுவும் மெல்லியதாக. இட்லிக்குச் சட்னி ஊற்றுவதுபோல ஊற்றினால் இடைவெளி தடித்து, போட்ட பலனில் பாதி போய்விடும்.

கிரீஸுக்கு முந்தைய வேலைதான் உண்மையான வேலை. பழைய கிரீஸ் சுண்ணாம்புபோலக் காய்ந்திருக்கும், அதை முழுக்கச் சுரண்ட வேண்டும். அலுமினியத்தில் பூத்த வெள்ளைப் படிவத்தை நைஸ் உப்புத்தாளால், கண்ணாடித் துண்டின்மேல் வைத்த தாளென்றால் இன்னும் நல்லது, தட்டையாகத் தேய்த்து எடுக்க வேண்டும். ஒரு மணல் துகள் இருந்தாலும் ஸ்க்ரூவை முறுக்கும்போது அடித்தகடு அதன்மேல் ஏறி வளையும். இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவேன். இந்த நிதானம் எனக்குப் பிடித்த நிதானம். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுப்பவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிடுவேன்.

இவ்வளவு செய்தும் இடம் தவறாக இருந்தால் எல்லாம் வீண். சூட்டை உறிஞ்சும் தகடு தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாக ஒருநாளும் ஆகாது. கொதிக்கும் எஞ்சின்மேல் அதைத் திருகிவைத்தால் அது மாட்யூலிலிருந்து சூட்டை எடுக்காது, மாட்யூலுக்குச் சூட்டைக் கொடுக்கும். பெரிய தொழிற்சாலைகளே இதில் தடுமாறியிருக்கின்றன. ஜாகுவார் 1971-இல் தன் வி12 எஞ்சினுக்கு லூகாஸின் ஓபஸ் இக்னிஷனைப் போட்டது. அந்த எஞ்சின் வந்த பல வண்டிகளில் அதன் ஆம்ப்ளிஃபையர் பெட்டி இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், எஞ்சினின் மிகச் சூடான பகுதி ஒன்றில் உட்கார்ந்திருந்தது. அதை ரேடியேட்டருக்கு மேலே முன்பக்கம் நகர்த்துவது அந்த வண்டியைக் கையாளுபவர்களின் வழக்கமான வேலையாகிவிட்டது. ஃபோர்டு 1980களில் டி.எஃப்.ஐ. மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டிலேயே ஒட்டிவைத்தது. சூட்டில் நின்றுபோன வண்டிகள் பற்றிய வழக்கு கலிஃபோர்னியாவில் நடந்து, 2000-இல் நீதிபதி ஏறத்தாழ 17 லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு சமரசமானது. கிரைஸ்லர் 1970களின் தொடக்கத்திலேயே மாட்யூலைத் தனிப் பெட்டியாக்கி எஞ்சினிலிருந்து விலக்கி வைத்ததை நான் மெச்சுகிறேன். அந்தப் பெட்டியின் முகத்தில் துருத்திக்கொண்டிருக்கும் டிரான்சிஸ்டரை எஞ்சின் ஓடும்போது தொட்டால் மட்டும் நல்ல ஷாக் அடிக்கும்.

எச்.இ.ஐ. மாட்யூல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே இருப்பது. செவ்ரொலே வி8-இல் டிஸ்ட்ரிபியூட்டர் பின்புறம், ஃபயர்வாலை ஒட்டி. பியூக் வி8-இல் முன்புறம். ஒரே மாட்யூல், இரண்டு வேறு சீதோஷ்ணம். பின்புறம் உள்ளதை வெளியே கொண்டுவந்துவிடுவதை நான் விரும்புகிறேன். விலக்கி வைக்க நல்ல இடம் ரேடியேட்டருக்கு முன்னால், அல்லது ஹெட்லைட்டுக்குப் பின்புறம் மட்கார்டின் உள்பக்கம், வெளிக்காற்று நேராகப் படும் இடம். ரேடியேட்டருக்குப் பின்னால் வேண்டாம். அங்கே ஃபேன் வீசுவது ரேடியேட்டரைக் கடந்து வந்த அனல்காற்று. தடித்த அலுமினியத் தகடு, துடுப்புகள் செங்குத்தாக இருக்கும்படி. வண்டி நின்றபின் சூடான காற்று தானாக மேலே ஏறிப்போக அந்தச் செங்குத்து உதவும்.

விலக்கி வைத்ததும் புதிய தொல்லை ஒன்று முளைக்கும்: எர்த். எச்.இ.ஐ. மாட்யூலுக்கு எர்த் கிடைப்பது அடித்தகட்டையும் ஸ்க்ரூவையும் வைத்துத்தான். கடையில் கிடைக்கும் அழகான கறுப்பு ஹீட் சிங்க்கின் கறுப்புப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. பெயின்ட் அடித்த மட்கார்டும் அப்படித்தான். அதனால் மாட்யூலின் ஸ்க்ரூவிலிருந்து எஞ்சினுக்குத் தனி எர்த் ஒயர் ஒன்றைக் கட்டாயம் இழுப்பேன். மாட்யூலுக்குச் சமிக்ஞை தரும் பிக்கப்பிலிருந்து வரும் இரண்டு மெல்லிய ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கி, பிளக் ஒயர்களிலிருந்து விலக்கிக் கொண்டுபோவேன். இல்லாவிட்டால் பக்கத்துப் பொறியின் அதிர்வை மாட்யூல் தனக்கு வந்த சமிக்ஞை என்று எடுத்துக்கொள்ளும்.

"ஒரிஜினல் தோற்றம் கெடுமே" என்று சொந்தக்காரர்கள் கவலைப்படுவது நியாயமான கவலை. ஷோவுக்கு நிற்கும் வண்டியென்றால் பழைய பெட்டியை அதே இடத்தில் விட்டுவிட்டு, வேலை செய்யும் மாட்யூலைக் கண்ணில் படாத இடத்தில் வைக்கிறேன். பழைய பெட்டியின் ஓட்டுக்குள் புதிய மாட்யூலைத் திணிக்கச் சொன்னால் ஓட்டின் அடிப்பகுதி கனமான அலுமினியமாக இருந்தால் மட்டுமே சம்மதிப்பேன். லூகாஸே 1980களின் தொடக்கத்தில் ஜாகுவாருக்குத் தந்த அடுத்த தலைமுறைப் பெட்டிக்குள் ஜெனரல் மோட்டார்ஸின் அதே நான்கு முனை மாட்யூல்தான் இருந்தது. அந்தப் பெட்டி கனமான அலுமினிய வார்ப்பு, அதனால் அங்கே அது முறையான வீடு. தகர ஓட்டுக்குள் அதை அடைப்பது அப்படியல்ல.

சூட்டில் நிற்கும் வண்டி எல்லாவற்றுக்கும் மாட்யூல் காரணமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாக்குவம் அட்வான்ஸ் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் பிக்கப்பின் ஒயர் மடங்கி நிமிர்கிறது. வருடக்கணக்கில் மடங்கினால் உறைக்குள்ளேயே செம்பு அறுந்துவிடும், வெளியே தெரியாது. மல்டிமீட்டரில் எச்.இ.ஐ. பிக்கப் 500 முதல் 1500 ஓம் வரை காட்ட வேண்டும். மீட்டரை இணைத்தபடியே அட்வான்ஸை வாயால் உறிஞ்சி இழுத்துப் பார்த்தால் அறுந்த ஒயர் உடனே காட்டிக்கொடுக்கும். பிளக் ஒயர் அறுந்திருந்தாலும் பொறிக்குப் போக வேண்டிய சக்தி திரும்பி மாட்யூலையே தாக்கும். எஞ்சின் ஓடும்போது பிளக் ஒயரைப் பிடுங்கிச் சோதிப்பதை நான் யாருக்கும் அனுமதிப்பதில்லை. இவ்விரண்டும் சரியென்றால் மாட்யூலின்மேல் ஹேர் டிரையரைக் காட்டிச் சூடாக்குவேன். எஞ்சின் திணறி நின்றால், நீர் பட்டுவிடாமல் குளிர்விக்கும் ஸ்ப்ரே அடிப்பேன். மறுபடி ஓடினால் சந்தேகம் தீர்ந்தது.

வேலை முடிந்ததும் அடித்தகட்டில் ஒரு தெர்மோகப்பிள் ஒட்டி, வண்டியை வெயிலில் நன்றாக ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். நிறுத்தியபின் ஃபேனும் இல்லை, தண்ணீரும் ஓடாது. எஞ்சின் தன் சூட்டை மேலே விடும் அடுத்த பதினைந்து இருபது நிமிடம்தான் உண்மையான தேர்வு. ஓடும்போது 70 டிகிரி காட்டிய தகடு அந்த நேரத்தில் 100-ஐத் தாண்டினால், எவ்வளவு நேர்த்தியாகப் பொருத்தியிருந்தாலும் கழற்றி வேறு இடத்தில் வைப்பேன். தாண்டாவிட்டால் டாஷ்போர்டுப் பெட்டியில் இன்னொரு மாட்யூல், ஒரு சின்ன டியூப் கிரீஸ், ஒரு 5.5 மில்லிமீட்டர் சாக்கெட், காயிலின் ஓம் அளவு எழுதிய ஒரு துண்டுச் சீட்டு இவற்றை வைத்து, சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று உரிமையாளருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறேன்.