அப்பாவுக்கு ஒரு கிளவுஸ்

இந்தத் தடவை பரிட்சை, சினிமா, அரசியல் எதுவும் இல்லைங்க. கிளவுஸ் பத்தி ஒரு பதிவு. சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

எங்க வீடு ஊட்டிக்குப் பக்கத்துல, கேத்தி பள்ளத்தாக்குல. அப்பா பால் ஊத்துறவர். காலையில நாலரைக்கெல்லாம் டிவிஎஸ் எக்ஸெல்ல கேனைக் கட்டிட்டுக் கிளம்பிடுவார். போன டிசம்பர் லீவுக்கு நான் காலேஜ்ல இருந்து வீட்டுக்குப் போனா, அவர் முழங்கையில பெரிய கட்டு.

"என்னாச்சுப்பா?"

"ஒண்ணுமில்ல, வண்டி லேசா சறுக்கிருச்சு."

அப்புறம் அம்மாதான் உண்மையைச் சொன்னாங்க. "சறுக்கலைடா. கை மரத்துப் போயி விரல் மடங்கலை. இறக்கத்துல பிரேக் பிடிக்க முடியல."

அடுத்த மூணு நாள் அப்பாவுக்குப் பதிலா நான் போனேன். கையில உல்லன் கிளவுஸ் இருந்துச்சு, அம்மா பின்னினது. வீட்டு வாசல்ல நின்னப்ப கதகதன்னு இருந்தது. வண்டி கிளம்பி அஞ்சு நிமிஷத்துல விரல் நுனி வலிக்க ஆரம்பிச்சு, பத்து நிமிஷத்துல அந்த வலியும் காணாமப் போச்சு. அப்பதான் நிஜமாவே பயந்தேன். லிவரை அழுத்துறேன், அழுத்துறேனா இல்லையான்னே தெரியலை.

படிக்கிறது எஞ்சினியரிங் ஆச்சே, உட்கார்ந்து கொஞ்சம் தேடிப் படிச்சேன். காத்து குளிரை எப்படிக் கூட்டுதுன்னு 1940கள்லயே அண்டார்டிகாவுல பால் சைப்பிள், சார்லஸ் பாசெல்னு ரெண்டு பேர் அளந்திருக்காங்க. பிளாஸ்டிக் குடுவையில தண்ணி ஊத்தி, வீசுற காத்துல அது உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்த்திருக்காங்க. அமெரிக்காவும் கனடாவும் 2001ல அந்தக் கணக்கைத் திருத்துனாங்க. அந்தச் சூத்திரத்துல போட்டுப் பார்த்தேன். 5 டிகிரி குளிர்ல 40 கி.மீ. வேகக் காத்து அடிச்சா, தோலுக்கு அது கிட்டத்தட்ட மைனஸ் 1 மாதிரி. எங்க ஊர்ல உறைபனி விழுற காலையில காத்தே இருக்காது. ஆனா வண்டி 40ல போனா நாமளே காத்தை உண்டாக்கிக்கிறோம் இல்லையா?

இதுல ஒரு விஷயத்தைத் தெளிவாச் சொல்லிடுறேன். கை மைனஸ் 1க்குப் போயிடாது. சுத்தி இருக்கறது 5 டிகிரிதான். சூடு வெளியேறுற வேகம்தான் கூடுது. உடம்பும் நெஞ்சு, வயித்தைக் காப்பாத்துறதுக்காக விரல்களுக்குப் போற ரத்தத்தைக் குறைச்சிடும். விரலை மடக்குற தசைகள்ல பெரும்பாலானது முன்கையிலதான் இருக்கு, விரலுக்கு வர்றது வெறும் நரம்புக்கயிறு மாதிரியான தசைநாண்கள். அதனால மணிக்கட்டையும் மூடணும். ஸ்வெட்டர் கைக்கும் கிளவுஸுக்கும் நடுவுல இடைவெளி இருந்தா எல்லாமே வீண்.

உல்லன் ஏன் தோத்துச்சுன்னும் புரிஞ்சது. கம்பளி இழைகளுக்கு நடுவுல தங்கி நிக்கிற காத்துதான் நமக்குச் சூடு. வெளிக்காத்து பின்னல் ஓட்டை வழியா பூந்து அதைத் துடைச்சிட்டுப் போயிடுது. அப்பா இதை என்னைக்கோ கண்டுபிடிச்சிட்டார் போல. காலி பால் கவரைக் கழுவி, கிளவுஸுக்கு மேல மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்குவார். காத்து நின்னுரும். ஆனா உள்ள வேர்த்து ஈரமாயிடும், ஈரம்னா இன்னும் மோசம். காத்தைவிடத் தண்ணி 20 மடங்குக்கு மேல வேகமா சூட்டைக் கடத்தும்.

அதனால தேவைப்பட்டது: காத்து உள்ள வரக்கூடாது, வேர்வை வெளிய போகணும், லிவர் கையில உறைக்கணும். கோயமுத்தூர்ல நாலு கடை ஏறினேன். தோல் கிளவுஸ் காத்தை நல்லாத் தடுக்குது, ஆனா விறைப்பு, நனைஞ்சா காய நாளாகும். பஞ்சு அடைச்ச குண்டு கிளவுஸ்ல கையே தலைகாணி மாதிரி இருக்கு, பிரேக் எங்கன்னு தேடணும். கடைசியா எடுத்தது மெல்லிசான மூணு அடுக்கு. வெளிய நைலான், உள்ள மெத்துனு ஃப்ளீஸ், நடுவுல ஒரு படலம். அந்த மாதிரிப் படலங்கள்ல பேர் போனது, தோசைக்கல்லுல பூசுற அதே டெஃப்லான் சரக்கை இழுத்துச் செய்யறது. 1969ல பாப் கோர்ங்கிறவர் அதைச் சூடாக்கி வெடுக்குனு இழுத்தப்ப, நுண்துளைகளோட நீண்டுச்சாம். விலை குறைஞ்ச கிளவுஸ்ல பாலியூரித்தேன் படலம் இருக்கும். எங்க பட்ஜெட்டுக்கு அதுதான் :-)

வாங்கப் போறவங்களுக்கு ரெண்டு சோதனை. துணியை வாயில அழுத்தி வெச்சு ஊதுங்க, மறுபக்கம் காத்து வந்தா வேண்டாம். அப்புறம் மாட்டிக்கிட்டு முஷ்டி மடக்குங்க. விரல் நுனி இறுக்கினா ஒரு சைஸ் பெருசா எடுங்க, இறுக்கமே ரத்தத்தை நிறுத்திடும். "தண்ணி தெளிச்சா ஒட்டாது"ன்னு கடைக்காரர் சொன்னா, அது மழைக்குத் தாங்கும்னு அர்த்தம் இல்லை. தையல் வழியா இறங்கிடும்.

பெருமையா கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா மாட்டிப் பார்த்துட்டு, "நல்லாத்தான் இருக்கு, வீட்டுக்கு வீடு கழட்டணுமே"ன்னார். நான் யோசிக்கவே இல்லை! வலது கையால பால் அளக்கணும், கை நனையும், அதே ஈரத்தோட திரும்ப மாட்டினா பால் கவர் கதைதான். கடைசில அம்மாதான் வழி சொன்னாங்க. வண்டி ஹேண்டில்ல ஒரு துண்டு. அளந்து முடிச்சுக் கையைத் துடைச்சிட்டுத்தான் மாட்டணும்.

பொங்கலுக்கு அப்புறம் ஹாஸ்டல்ல இருந்து போன் பண்ணினப்ப கேட்டேன், "பிரேக் பிடிக்க முடியுதாப்பா?"

"முடியுது. துண்டுதான் நாலு மணிக்கே விறைச்சுக் கிடக்கு."

இப்ப ரெண்டு துண்டு கொண்டு போறார். ஒண்ணு ஸ்வெட்டருக்குள்ள.

குளிர்ல வண்டி ஓட்டுற மக்களே, உங்ககிட்ட வேற யோசனை இருந்தா சொல்லுங்க. அப்பாகிட்ட சொல்லிடறேன்.