கார் யார் பேரில் இருக்கிறது?

கடந்த சம்பா பருவத்தில் பயிர்க் காப்பீட்டுப் பதிவு நடந்துகொண்டிருந்த நேரம். வருகிற விவசாயிகளிடமெல்லாம் வழக்கமான பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். “ரசீதை வாங்கி மடிச்சு சட்டைப்பையில வெச்சுடாதீங்க. சர்வே நம்பர், கிராமம், பரப்பு, பேங்க் கணக்கு எல்லாம் சரியா இருக்கான்னு இங்கேயே நின்னு படிங்க.”

ஒரு விவசாயி மட்டும் வேலை முடிந்தும் நகரவில்லை. “சார், இது பயிர் சமாச்சாரம் இல்ல, கேக்கலாமா?” என்றார். மகனுக்கு 21 வயது. லைசென்ஸ் எடுத்து 6 மாதம் ஆகிறது. பழைய கார் ஒன்றை விலை பேசி முடித்திருக்கிறார்கள். “சின்னப் பசங்க பேர்ல வண்டி இருந்தா இன்சூரன்ஸ் ஜாஸ்தியாமே? என் பேர்ல எழுதிட்டா கம்மியில முடிஞ்சிடும்னு சொல்றாங்க. எனக்கு கார் ஓட்டத் தெரியாது, லைசென்ஸும் கிடையாது. எழுதிக்கலாமா?”

வரிசையில் ஆட்கள் நின்றதால், “சாயந்தரம் வாங்க, நிதானமாப் பேசுவோம்” என்று அனுப்பினேன். அவரிடம் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். இந்த விஷயத்தில் 42,000 ரூபாய் கொடுத்துப் பாடம் படித்தவன் நான்.

என் மகன் வேலைக்குப் போன முதல் வருடமே, தெரிந்தவரிடம் 7 வருடப் பழைய கார் ஒன்றை வாங்கினான். ஆர்.சி. புத்தகத்தைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டான். இன்சூரன்ஸைப் பற்றிக் கேட்டேன். “ஃபுல் இன்சூரன்ஸ் இன்னும் 4 மாசம் இருக்குப்பா, முடிஞ்சதும் என் பேர்ல போட்டுக்கறேன்” என்றான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஊருக்கெல்லாம் ரசீதைப் படிக்கச் சொல்கிறவன், அந்தப் பாலிசியைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

கார்த்திகை மாத மழையில் ஒருநாள், நீடாமங்கலம் பக்கம் வந்துகொண்டிருந்தபோது ஆடு ஒன்று குறுக்கே ஓடியது. வண்டியை ஒடித்ததில், எதிரே மொபெட்டில் வந்த பெரியவர் மீது உரசி, வாய்க்கால் பாலத்துக் கட்டையில் மோதி நின்றது. பெரியவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிவு. அவருக்கான இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்தது. வண்டி கைமாறினாலும் வெளியாருக்கான பாதுகாப்பு வண்டியோடு போகும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-வது பிரிவு சொல்கிறது. ஆனால், எங்கள் காருக்கு ஒரு பைசாகூட வரவில்லை. ஆர்.சி. மகன் பேரில், பாலிசி பழைய உரிமையாளர் பேரில். கார் வாங்கிய 14 நாள்களுக்குள் பாலிசியைப் பேர் மாற்றச் சொல்லி விண்ணப்பித்திருக்க வேண்டும். தப்பு எங்களுடையது. பட்டறைக்காரருக்குக் கொடுத்த 42,000 ரூபாயும் எங்களுடையதே.

அதற்குப் பிறகுதான் நானும் மகனும் உட்கார்ந்து பாலிசியை வரி வரியாகப் படித்தோம். அதில் தெரிந்துகொண்டவை இவை.

வயதைப் பற்றிய பயம் முதலில் போகட்டும். சின்ன வயதுக்காரர்களிடம் அதிக பிரீமியம் வாங்குவது வெளிநாடுகளில் உள்ள வழக்கம். நம் நாட்டில் கட்டாயமான தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸுக்கு அரசே கட்டணம் நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1,000 சி.சி. வரையிலான சொந்தக் காருக்கு வருடத்துக்கு 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். இதோடு ஜி.எஸ்.டி. 18% சேரும். ஓட்டுவது 20 வயதுப் பையனா, 60 வயதுப் பெரியவரா என்று இந்தக் கட்டணம் பார்ப்பதில்லை. நம் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’ பகுதிதான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதிலும் காரின் மதிப்பு, காரின் வயது, இன்ஜின் அளவு, பதிவான ஊர் ஆகியவைதான் முக்கியம்.

ஆக, அப்பா பேரில் எழுதுவதால் பெரிதாக எதுவும் மிச்சமாகாது. ஆனால் ஒன்று கைவிட்டுப் போகும். காரின் உரிமையாளரே ஓட்டும்போது விபத்து நேர்ந்து உயிரிழந்தாலோ, நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 15 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு பாலிசியோடு உண்டு. இது உரிமையாளருக்கு மட்டும். அவரிடம் லைசென்ஸும் இருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாத அப்பா பேரில் கார் இருந்து, மகன் ஓட்டினால், அந்த 15 லட்சம் யாருக்கும் உதவாது. ஓட்டுகிற பிள்ளைதான் நமக்கு முக்கியம் என்றால், கார் அவன் பேரில் இருப்பதே நல்லது.

இரண்டாவது, உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள். தேர்ட் பார்ட்டி பாலிசி வெளியில் இருப்பவர்களுக்கானது. சொந்தக் காரில் நம்மோடு வரும் அம்மாவுக்கும் தங்கைக்கும் அதை நம்பக் கூடாது. பயணிகளுக்கான விபத்துக் காப்பீட்டைத் தனியாகச் சேர்க்கலாம். மொத்தமாகச் சில நூறு ரூபாய்தான் கூடும். குடும்பமாகப் போகிற வண்டிக்கு இதை விடாதீர்கள்.

மூன்றாவது, தேர்ட் பார்ட்டி மட்டும் போதுமா, ஃபுல் இன்சூரன்ஸ் வேண்டுமா? கார் இன்று விற்றால் 1 லட்சம் போகும், அது போனாலும் குடும்பம் தாங்கும் என்றால், தேர்ட் பார்ட்டியும் விபத்துக் காப்பீடும் போட்டுவிட்டு, மிச்சப் பணத்தைப் பழுது செலவுக்கு ஒதுக்கி வைக்கலாம். கடன் வாங்கி 4 லட்சத்துக்கு வாங்கிய கார் என்றால் ஃபுல் இன்சூரன்ஸ்தான் சரி.

நான்காவது, பிரீமியத்தைக் குறைக்கும் வழிகளில் நல்லதும் உண்டு, கண்ணியும் உண்டு. ஐ.டி.வி. என்கிற காரின் மதிப்பைக் குறைத்துப் போட்டால் பிரீமியம் குறையும். கார் திருடு போனாலோ, முழுசாக நாசமானாலோ கிடைக்கும் தொகையும் அதே அளவுக்குக் குறையும். ‘முதல் 5,000 ரூபாய் செலவை நானே ஏற்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்தும் குறைக்கலாம். அந்தப் பணம் எப்போதும் கையில் இருக்கும் என்றால் செய்யுங்கள்.

இளைஞர்களுக்கு நேர்மையான வழி, நோ கிளைம் போனஸ். ஒரு வருடம் இழப்பீடு கேட்காவிட்டால் ஓன் டேமேஜ் பகுதியில் 20% தள்ளுபடி. பிறகு 25, 35, 45 என்று ஏறி, 5 வருடத்தில் 50% ஆகும். அதனால் 2,000 ரூபாய் கீறலுக்கெல்லாம் கிளைம் போடாமல் கைக்காசில் சரிசெய்வது லாபம். ஆனால், பாலிசி முடிந்து 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்ந்த போனஸ் போய்விடும். இந்த போனஸ் ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை. பழைய கார் வாங்குகிறவர், விற்றவரின் போனஸைத் தன்னுடையது என்று ஆன்லைனில் ‘டிக்’ அடித்தால் விலை குறைவாகத்தான் காட்டும். கிளைம் வரும்போது அந்தப் பொய் வெளியே வரும். என் மகனும் அப்படி ‘டிக்’ அடிக்கப் போனான். நான் பக்கத்தில் இருந்ததால் தடுத்தேன்.

கடைசியாக, கிராமத்தில் நடக்கிற ஒன்று. வெள்ளை போர்டு காரில் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிக் காசு வாங்குவதும், சந்தைக்குச் சரக்கு ஏற்றுவதும் சகஜம். சொந்த உபயோகத்துக்கான பாலிசி இதற்குச் செல்லாது. அந்த நேரத்தில் விபத்து நடந்தால், 300 ரூபாய் வாடகைக்காக நிலத்தை விற்க வேண்டி வரலாம்.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட அந்த விவசாயி, “நெல்லுக்கு 1.5 பர்சன்ட் கட்டிட்டு இவ்வளவு கேள்வி கேக்கறோம், காருக்கு ஒண்ணுமே கேக்கலையே சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தை மாதம் உளுந்து விதைக்காக வந்தபோது, மறக்காமல் பாலிசி நகலையும் கொண்டு வந்திருந்தார். கார், பாலிசி இரண்டும் மகன் பேரில் இருந்தன. பயணிகள் காப்பீடும் சேர்த்திருந்தார்கள். “சேசிஸ் நம்பர்ல ஒரு எழுத்து தப்பா இருந்துச்சு சார். அங்கேயே நின்னு படிச்சோம், உடனே மாத்திக் கொடுத்துட்டாங்க” என்றார்.

வாங்கிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் என் பைக் பாலிசியைத் தேடி எடுத்துப் படித்தேன். முடிய இன்னும் 9 நாள்தான் இருந்தது.