கவுன் பையில் ஒரு குடித்தனம்

அம்பத்தூரிலிருந்து புளிசாதப் பொட்டலத்தோடு மாமல்லபுரம் போனோம். கடற்கரைக் கோயிலைப் பார்த்ததும் என் பெண் பாறைப் பக்கம் ஓடிவிட்டாள். அங்கே சுண்டைக்காய் அளவில் கறுப்பு நத்தைகள்! "செத்துப்போச்சாம்மா?" என்றாள்.

"உசிரோடதான் இருக்கு கண்ணு. வெயில்ல ஈரம் காயாம வாசல்ல மூடி போட்டுக்கும்" என்றாள் சோழி விற்ற ஆயா. (மத்தியானத்தில் நமக்கும் அப்படியொரு கதவிருந்தால்!) "கூம்பு மாதிரி சங்கு கெடந்தா தொடாதே, கொட்டிடும்."

உண்மைதான், சகோதரிகளே. சில கூம்புச் சங்குகளின் விஷ ஊசி பட்டு ஆட்கள் இறந்ததுண்டு. அந்த விஷத்தைப் பார்த்துச் செய்த வலி மருந்துக்கு 2004-இல் அமெரிக்கா அனுமதி தந்தது; அது வேறு கதை.

பஸ் ஏறும்போது பெண்ணின் கவுன் பை அசைந்தது. எனக்குக் குலை நடுங்கிற்று. உதறினால், காலிச் சங்கில் குடியிருக்கும் துறவி நண்டு!

பஸ்ஸை விட்டுவிட்டு, அதைப் பாறையிலேயே கொண்டுபோய் விட்டோம்.