ஒளிய இடமில்லாத வானம்

விண்வெளிப் படங்களில் அடிக்கடி ஒரு காட்சி வரும். எதிரி நெருங்குகிறான். கேப்டன் எஞ்சினை அணைக்கச் சொல்கிறார். விளக்குகள் அணைகின்றன, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், எதிரிக் கப்பல் பக்கத்திலேயே கடந்து போய்விடுகிறது. நீர்மூழ்கிக் கப்பல் படங்களிலிருந்து வாங்கிய காட்சி இது. கடலில் நடக்கும், தண்ணீர் மறைக்கும். விண்வெளியில் மறைப்பதற்கு எதுவும் கிடையாது. இயற்பியல் வாத்தியாராகவே காலம் தள்ளியவன் நான். பேரப்பிள்ளைகளோடு இந்த மாதிரிப் படம் பார்க்க உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்காது. "தாத்தா, படத்தைப் பார்க்க விடுங்க" என்று அதட்டுவார்கள். அங்கே சொல்ல விடாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எஞ்சினை அணைத்தாலும் உள்ளே ஆட்கள் இருக்கிறார்களே. அவர்கள் உயிரோடு இருக்க கப்பல் 20 டிகிரி செல்சியஸ் அளவிலாவது இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் உள்ள ஒரு பரப்பு, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 400 வாட் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளியே விடும். பின்னால் இருக்கும் வானமோ மைனஸ் 270 டிகிரி. அந்தக் குளிரின் முன்னால், அகச்சிவப்பில் பார்க்கத் தெரிந்த ஒரு தொலைநோக்கிக்கு, விளக்கணைத்த கப்பல் எரிகிற விளக்குதான். சரி, வெளிச்சுவரைக் குளிரவைத்து வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடலாமா? வெற்றிடம் என்பது பிளாஸ்க் சுவர் மாதிரி. உள்ளே ஊற்றிய சூடு வெளியேற வழி தேடித் தவிக்கும். ஒவ்வொரு மனித உடம்பும் சும்மா உட்கார்ந்திருந்தாலே 100 வாட் வெப்பம் தருகிறது. எல்லாவற்றையும் அடைத்தால், எதிரிக்கு வேலை வைக்காமல் உள்ளே இருப்பவர்களே வெந்துபோவார்கள்.

எஞ்சினைப் போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். ஏன் என்று சொல்ல ராக்கெட் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். அதை 1903-இல் எழுதி வெளியிட்டவர் ரஷ்யாவின் கலூகா ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த சியால்கோவ்ஸ்கி. (எங்கள் இனம் என்பதால் பெயரைச் சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை.) பின்னால் வீசும் வாயு எவ்வளவு வேகமாகப் போகிறதோ, அவ்வளவுக்கு எரிபொருள் மிச்சம் என்பது அந்தக் கணக்கிலிருந்து வருவது. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரித்தால் விநாடிக்கு 4.5 கி.மீ. வேகம் கிடைக்கும். 2007-இல் கிளம்பிய நாசாவின் டான் விண்கலம் செனான் வாயுவை மின்னேற்றி விநாடிக்கு 30 கி.மீ. வேகத்தில் வீசியது. அதனால்தான் 425 கிலோ செனானைக் கட்டிக்கொண்டு போய், 2011-இல் வெஸ்டா என்ற சிறுகோளையும் 2015-இல் சீரிஸ் என்ற குறுங்கோளையும் சுற்றிவர அந்த விண்கலத்துக்கு முடிந்தது.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. அதே தள்ளுவிசைக்கு வாயுவை இரண்டு மடங்கு வேகத்தில் வீசினால் வாயு பாதி போதும், ஆனால் ஆற்றல் இரண்டு மடங்கு வேண்டும். டானின் எஞ்சின் 2 கிலோவாட்டுக்கு மேல் மின்சாரம் தின்றுவிட்டுத் தந்த உந்தல், உள்ளங்கையில் 9 கிராம் எடை வைத்தால் தெரிகிற அழுத்தம்தான். இந்த வகை எஞ்சினைக் கொண்டு மனிதர்களை வேகமாக ஏற்றிப்போக வேண்டுமானால் மெகாவாட் கணக்கில் மின்சாரம் வேண்டும். அதில் கணிசமான பங்கு வெப்பமாகத்தான் வெளியே வரும். எரிபொருளை மிச்சம் பிடிக்கிற கப்பல்தான் அதிகமாகப் பளிச்சிடும். பூமியிலிருந்து கிளம்பும் ராக்கெட்டின் நெருப்பையோ 36,000 கி.மீ. உயரத்தில் இருந்தே பார்த்துவிடலாம். 1970 முதல் அமெரிக்கா நிறுத்திவைத்த செயற்கைக்கோள்கள் அந்த வேலையைச் செய்தன. 1991 வளைகுடாப் போரில் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணைகளைக் கிளம்பும்போதே கண்டு சொன்னவை அவைதான்.

அப்படியானால் வானத்தில் யாருமே ஒளியவில்லையா? முயன்றிருக்கிறார்கள். 1990-இல் அட்லாண்டிஸ் விண்ணோடம் ரகசியமாகக் கொண்டுபோய் விட்ட உளவு செயற்கைக்கோள் ஒன்று, மிஸ்டி என்ற பெயரில் பின்னால் வெளியே தெரியவந்தது. கண்ணில் படாமல் இருப்பதற்காகவே கட்டியது என்கிறார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள், சம்பளம் வாங்காமல் பைனாகுலரும் ஸ்டாப்வாட்சுமாக மொட்டைமாடியிலும் தோட்டத்திலும் நின்று வானம் பார்க்கிற சிலர் அதைப் பிடித்துவிட்டார்கள். இயற்கையிலும் இதே கதைதான். சில விண்கற்கள் கரியைப்போலக் கறுப்பு. சாதாரணத் தொலைநோக்கியில் அவற்றைப் பார்ப்பது கஷ்டம். ஆனால் வெயிலை அதிகம் விழுங்குவதால் அவை அதிகம் சூடாகின்றன. 2009 கடைசியில் ஏவப்பட்ட வைஸ் தொலைநோக்கி அந்தச் சூட்டை வைத்தே அவற்றை வரிசையாகப் பிடித்தது.

தப்பியவையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே வெடித்த 20 மீட்டர் கல்லை முன்கூட்டி யாரும் பார்க்கவில்லை. சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள், பெரும்பாலும் கண்ணாடி உடைந்து. 2017-இல் வேறொரு விண்மீனின் குடும்பத்திலிருந்து வந்த ஓமுவாமுவா என்ற விண்பொருளை, அது சூரியனை நெருங்கி வளைந்து திரும்பிப் போகும்போதுதான் பார்த்தோம். வானம் பெரிது, பார்க்கிற கண்கள் கொஞ்சம். ஆனால் இரண்டும் கற்கள் என்பதைக் கவனியுங்கள். எதையும் எரிக்காத, யாருக்கும் சோறு போடாத, போக வேண்டிய இடம் எதுவும் இல்லாத கற்கள். அவற்றால் ஒளிய முடியும்.

வெளியே கசியும் வெப்பம் பற்றி எனக்கு இதைவிடப் பிடித்த கதை நாசாவின் பயனியர் விண்கலங்களுடையது. 1972-லும் 1973-லும் கிளம்பிய பயனியர் 10, 11 இரண்டும் சூரியக் குடும்பத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தன. கணக்கில் இருக்க வேண்டியதைவிட அவை கொஞ்சம் கூடுதலாக வேகம் குறைவதை 1980-ஐ ஒட்டி விஞ்ஞானி ஜான் ஆண்டர்சன் கவனித்தார். கொஞ்சம் என்றால், ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. ஓராண்டில் 400 கி.மீ. சொச்சம் பின்தங்கிவிடும், அவ்வளவுதான். 1998-இல் இது கட்டுரையாக வந்ததும் உலகம் முழுக்கப் பரபரப்பு. ஈர்ப்பு விதியே தப்போ, கண்ணுக்குத் தெரியாத பொருள் ஏதும் இழுக்கிறதோ என்று ஆளுக்கொரு விளக்கம். ஸ்லாவா துரிஷெவ் என்ற விஞ்ஞானியின் குழுவினர் வீணாகிக்கொண்டிருந்த பழைய காந்த நாடாக்களைத் தேடி எடுத்து, வெப்பக் கணக்கை ஒவ்வொரு பாகமாகப் போட்டு, 2012-இல் விடை சொன்னார்கள். விண்கலத்தின் அணு மின்கலமும் கருவிகளும் விடும் வெப்பம் எல்லாத் திசையிலும் சமமாகப் போகவில்லை. போகிற திசையை நோக்கிக் கொஞ்சம் கூடுதலாகப் போனது. அந்தக் கூடுதல் ஏறத்தாழ 60 வாட், பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. யாரும் கணக்கில் எடுக்காத அந்த வெப்பமே பிரேக் போட்டுக்கொண்டிருந்தது.

இதை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர், என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார். தங்கை கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கியதை வீட்டில் சொல்லவில்லை. சம்பளத்தில் பிடித்தம் என்று ஏதோ கதை சொல்லிவைத்திருந்தார். முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார், சிரிப்பும் குறையவில்லை. ஆனால் சாக்பீஸ் உடைந்ததற்குப் பையனை அறைந்தார். டீக்கடைப் பக்கம் வருவதை நிறுத்தினார். நல்ல கணக்கு வாத்தியார், கரும்பலகையில் கூட்டலைத் தப்பாகப் போட்டுவிட்டு நிற்பார். பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்திருந்தது. அவர் மனைவிக்கு அதற்கு முன்பே தெரியும், அவராகச் சொல்லட்டும் என்று அந்தம்மா காத்திருந்தார். அவர் மறைத்தது யாரிடமிருந்தும் மறையவில்லை, அவரை மட்டும் நாளுக்கு நாள் பின்னுக்கு இழுத்தது. இந்த மாதிரி மனிதர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். கடன், வியாதி, கோபம், பிடிக்காத வேலை என்று சரக்குதான் மாறும்.

விண்கலம் கட்டுகிறவர்கள் இதில் நம்மைவிடத் தெளிவானவர்கள். வெப்பத்தை ஒழிக்க முடியாது என்று முதல் நாளே ஒப்புக்கொண்டு, அது எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்கிறார்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஐந்து அடுக்குத் திரைக்குப் பின்னால் மைனஸ் 230 டிகிரிக்கும் கீழே குளிர்ந்து கிடக்கிறது. திரையின் வெயில் பக்கத்துச் சூடு ஒழியவில்லை, அடுக்குகளுக்கு இடையே ஓரங்களின் வழியாக வெளியே போகிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் நீண்ட வெள்ளைப் பலகைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அம்மோனியா சுமந்து வரும் வெப்பத்தை வானத்தில் விடுவதைத் தவிர அவற்றுக்கு வேறு வேலை கிடையாது. அமெரிக்க விண்ணோடங்களில் வெப்பத்தை வெளியேற்றும் பலகைகள் சரக்கறைக் கதவுகளின் உட்புறத்தில் இருந்தன. மேலே போன சில மணி நேரத்துக்குள் அந்தக் கதவுகளைத் திறந்தாக வேண்டியிருந்தது. திறக்க முடியாவிட்டால், எத்தனை கோடி செலவழித்த பயணமானாலும் முடித்துக்கொண்டு இறங்கிவிட வேண்டியதாக இருந்தது.

வயதில் சிறியவர்களுக்கு ஒரு வார்த்தை. சொல்லாமல் வைத்திருக்கும் கடனோ, தோற்ற பரீட்சையோ, டாக்டர் சொன்ன சேதியோ இருந்தால், இந்த வாரமே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். கேட்கும் இடத்தில் இருக்கிற என் வயதுக்காரர்களுக்கும் ஒன்று: பிள்ளை வாயைத் திறந்தால், சொல்லி முடிக்கும்வரை திட்டாதீர்கள்.