சாச்சியின் கிளிக்கு எவ்வளவு சாப்பாடு?

கொட்டாஞ்சேனையில் எங்கள் சாச்சி ஒரு மஞ்சள் ரிங்நெக் கிளி வளர்க்கிறார். கூட்டிலேயே பொரித்து, கையால் ஊட்டி வளர்த்த பறவை. பிள்ளைகள் இருவரும் வெளிநாடு போன பிறகு அந்த வீட்டில் சாச்சியோடு பேசுவதற்கு இருப்பது அது ஒன்றுதான். "தேத்தண்ணி" என்று தெளிவாகச் சொல்லும். சொன்னால் ரஸ்க் துண்டு தேத்தண்ணியில் தோய்த்துக் கிடைக்கும் என்பது அதற்கு நன்றாகத் தெரியும்.

நாங்கள் வெள்ளவத்தையிலிருந்து போகும் ஒவ்வொரு முறையும் அது இன்னும் கொஞ்சம் உருண்டிருக்கும். கடைசியில் ஒரு கம்பிலிருந்து மற்றக் கம்புக்குத் தாவினாலே மூச்சு வாங்கியது. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். தராசு 168 கிராம் காட்டியது. இந்த இனக் கிளி சாதாரணமாக 120 கிராம் அளவில்தான் இருக்கும். ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கலாம், இப்படியே விட்டால் ஒருநாள் காலையில் கூட்டின் அடியில் கிடக்கும் என்று டொக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

சாச்சிக்குக் கோபம் வந்தது. "பூனையக் கட்டி வெச்சிப் பட்டினி போட்ட பொம்பிளையப் பத்தின ஹதீஸ் தெரியாதா மகள்? வாயில்லா ஜீவன். கூட்டுக்குள்ள அடைச்சி வெச்சிக்கொண்டு சாப்பாட்டையும் குறைக்கவா சொல்றீங்க?" வகுப்பில் பிள்ளைகளின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிப் பழகிய எங்களுக்கு இதற்கு உடனே பதில் வரவில்லை.

போதாக்குறைக்கு மச்சான் ஒருவர் சென்னை ஜோசப் சேகரின் வீடியோவைக் காட்டினார். கமரா திருத்தும் மனிதர். 2004 சுனாமிக்குப் பிறகு மொட்டை மாடிக்கு வந்த கிளிகளுக்கு அரிசி வைக்கத் தொடங்கி, பின்னாளில் ஆயிரக்கணக்கில் வந்தன. "அங்க மூட்டை மூட்டையாப் போடுறார், இங்க ஒரு கிளிக்குக் கணக்கா?" என்றார் மச்சான். அந்தக் கிளிகள் வந்து தின்றுவிட்டுப் பல கிலோமீற்றர் பறந்து போகின்றன. நம்முடையது நாள் முழுக்க இரண்டடிக் கூட்டில்.

கணக்கு பெரிதல்ல. இந்த அளவுக் கிளிக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கோ கொஞ்சம் கூடவோ போதும். 120 கிராம் கிளி என்றால் 12 முதல் 18 கிராம் வரை. சாச்சி வீட்டில் சூரியகாந்தி விதை மட்டுமே ஒரு தேத்தண்ணிக் கோப்பை நிறைய. அதன் பருப்பில் பாதியளவு கொழுப்பு. ருசி கண்ட கிளி அதைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தினையைத் தொடாது. விதைகளில் விட்டமின் ஏ மிகக் குறைவு என்பதால் கரட், பூசணி, பப்பாசி, முருங்கையிலை என்று ஏதாவது ஒன்று தினமும் வேண்டும். கொச்சிக்காயும் கொடுக்கலாம். பறவைகளுக்கு அந்த உறைப்புத் தெரிவதில்லை. தேத்தண்ணியும் சொக்லட்டும் உப்புப் போட்டதும் கூடாது. அவகாடோ நஞ்சு, ஒரு துண்டும் கொடுக்காதீர்கள்.

குறைவாகப் போவதும் ஆபத்துத்தான். எங்கள் மாடியில் ஒரு வீட்டில் லவ் பேர்ட்ஸ் வளர்த்தார்கள். பாத்திரம் நிறைய இருக்கிறதே என்று இரண்டு நாள் தீன் போடவில்லை. பறவை விதையை உரித்துத் தின்றுவிட்டுத் தோலை அதிலேயே போட்டிருந்தது. இருந்தது வெறும் உமி. காலையில் பாத்திரத்தை ஒருமுறை ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சாச்சி விடயத்தில் எங்களுக்குப் பிந்தித்தான் ஒன்று விளங்கியது. அவருக்கு நிறையக் கொடுக்க வேண்டும் என்பதல்ல, அடிக்கடி கொடுக்க வேண்டும். கூட்டருகே போவதும், கூப்பிடுவதும், கையிலிருந்து அது வாங்குவதும்தான் அவருடைய பகல். ஆகவே காலையில் ஒரு நாளைக்குரியதை அளந்து ஒரு சின்னக் கோப்பையில் போட்டுக் கொடுத்தோம். இருபது தடவை கொடுங்கள், ஆனால் இதிலிருந்து மட்டும். கொஞ்சத்தைக் கடதாசியில் சுருட்டிக் கூட்டில் செருகினால் அதைப் பிரிப்பதிலேயே அரை மணி நேரம் போகும். சூரியகாந்தி ஒரு நாளைக்கு நான்கு விதை, கையால் மட்டும்.

ஒரேயடியாக மாற்றவில்லை. பழகாத உணவைக் கண்டால் கிளி பிடிவாதமாகப் பட்டினி கிடக்கும். அதனால் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக, தினமும் காலையில் தீன் வைக்குமுன் சமையல் தராசில் ஏற்றி நிறுத்துக்கொண்டே குறைத்தோம். எடை திடீரென்று இறங்கினால் உடனே வரச்சொல்லியிருந்தார் டொக்டர்.

நான்கு மாதமாகிறது. சுபஹுக்குப் பிறகு சாச்சியிடமிருந்து கோல் வரும். "இண்டைக்கு 141." அவ்வளவுதான், வைத்துவிடுவார். பக்கத்து வீட்டுச் சின்னவன் ஒளித்துக் கொண்டுவரும் ரஸ்க்குக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.